சக்கை யாருக்குச் சொந்தம்? சீனி ஆலையின் கொதிகலனும் உழவனின் பங்கும்

(உழவரும் பொறியியலாளரும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சீனி ஆலையின் கொதிகலன். உரிமையும் நிலமும் மொழியும் பேசப்படும் மேடையிலே இரும்புக் குழாயையும் நீராவியையும் பற்றிய பேச்சுக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவோர் 2022ஆம் ஆண்டின் பங்குனி மாத இறுதியை ஒருகணம் நினைவுகூர வேண்டுகின்றேன். நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட நாட்கள் அவை. எண்ணெயேற்றிய கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்றது; அதற்குக் கொடுக்கப் பணமின்றி நாடு கையைப் பிசைந்து நின்றது. உழவனின் நீரிறைக்கும் பம்பிக்கும் எண்ணெய் இல்லை. பிறநாட்டு எரிபொருளிலே தங்கி வாழ்வோனுக்கு வீட்டின் விளக்குங்கூடத் தன் கையில் இல்லை என்பதை அந்நாட்கள் நமக்கு உணர்த்தின.

அதே நாடு சீனியையும் வெளியிலிருந்தே வாங்குகின்றது. நமது தேவையிற் பத்திலொரு பங்கை ஒட்டியதே இங்கு உற்பத்தியாகின்றது. எரிபொருளுக்கும் சீனிக்கும் அந்நியச் செலாவணி கரைகின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே தரவல்ல பயிர் ஒன்று உண்டு, அதுவே கரும்பு. கரும்பின் சாறு சீனியாகும் என்பதை எல்லோரும் அறிவர். அதன் சக்கை மின்சாரமாகும் என்பதையும், அம்மின்சாரத்திலே உழவனுக்கு உள்ள பங்கு யாது என்பதையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

சக்கையின் பெறுமதி

முதலிற் சில கணக்குகள். உழவர் தராசிலே நிறுத்துப் பார்ப்பது போலவே நாமும் நிறுத்துப் பார்ப்போம்.

ஒரு தொன் கரும்பை ஆலையின் உருளைகளிற் பிழிந்தால் ஏறத்தாழ 280 கிலோகிராம் சக்கை மிஞ்சும். அந்தச் சக்கையிற் பாதி ஈரம். ஈரமாயிருந்தும் அது நன்கு எரியும். ஒரு கிலோகிராம் சக்கையை நல்ல கொதிகலனில் எரித்தால் 2 கிலோகிராமுக்குச் சற்று அதிகமான நீராவி பெறலாம். நிலக்கரியோடு ஒப்பிட்டுச் சொல்வதானால், ஒரு தொன் கரும்பின் சக்கையிலுள்ள வெப்பம் ஏறத்தாழ 80 கிலோகிராம் நிலக்கரியின் வெப்பத்துக்கு ஈடு. ஆகவே கரும்பை வண்டியிலேற்றி ஆலைக்கு அனுப்பும் உழவன், அதே வண்டியில் எரிபொருளையும் ஏற்றி அனுப்புகின்றான். நிறுவைச் சீட்டிலே கரும்பு மட்டுமே எழுதப்படுகின்றது, எரிபொருள் எழுதப்படுவதில்லை.

இவ்வெரிபொருளைப் பழைய ஆலைகள் என் செய்தன? கேட்டால் வியப்படைவீர்கள். அவை அதனை வேண்டுமென்றே வீணடித்தன. அவ்வாலைகளை வகுத்தவர்கள் அறிவிலிகள் அல்லர். அக்காலத்தில் மிஞ்சிய சக்கையை வாங்குவார் இல்லை. குவித்து வைத்தாற் தீப்பற்றும். கொட்டுவதற்கு நிலம் வேண்டும். எனவே கிடைத்த சக்கை முழுவதையும் எரித்து முடிப்பதே கொதிகலனின் கடமையாயிற்று. ஒருபுறம் அது நீராவி தரும் கலன். மறுபுறம் குப்பை எரிக்கும் அடுப்பு. நீராவியைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லை. ஒரு தொன் கரும்புக்கு அரைத் தொன் நீராவியும் அதற்கு மேலும் செலவிடும் ஆலைகள் உலகெங்கும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அவற்றின் மின்சாரம் ஆலையின் சொந்த விளக்குக்கும் பம்பிக்கும் போதுமாயிருந்தது. வெளியே கொடுப்பதற்கு ஒன்றும் எஞ்சவில்லை.

உயரத்திலிருந்து விழும் நீர்

நிலைமையை மாற்றியது அமுக்கம். இதனை விளக்குதற்கு நமது குளத்து மதகையே உவமையாகக் கொள்வேன். குளத்திலே நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது மதகால் வரும் நீருக்கு வேகமில்லை. அதே அளவு நீர் உயர்ந்த மட்டத்திலிருந்து விழுமானால் அது சக்கரத்தைச் சுழற்றும். நீராவிக்கு அமுக்கமும் வெப்பநிலையும் குளத்தின் நீர்மட்டம் போன்றவை. சுழலி என்னும் இயந்திரம் அந்த வீழ்ச்சியிலிருந்து வேலை வாங்குகின்றது.

பழைய ஆலையின் கொதிகலன் வளியமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு அமுக்கத்திலே, 340 பாகை செல்சியஸ் அளவில், நீராவி தந்தது. இன்றைய உயரமுக்கக் கொதிகலன் 82 மடங்கு அமுக்கத்தில், 525 பாகை அளவில், நீராவி தருகின்றது. சீனி காய்ச்சுதற்கு வேண்டியதோ வளியமுக்கத்தைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு அமுக்கமுள்ள நீராவி மட்டுமே. மேலிருந்து அந்த மட்டத்துக்கு இறங்கும் வழியிலே சுழலி தன் வேலையைச் செய்துகொள்கின்றது. இறங்கிய நீராவி பின்னர் சாற்றைக் காய்ச்சப் போகின்றது. ஒரே நீராவி இரு முறை உழைக்கின்றது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரு கிலோகிராம் நீராவியைத் தாழ்ந்த அமுக்கத்தில் ஆக்குவதற்கும் உயர்ந்த அமுக்கத்தில் ஆக்குவதற்கும் உள்ள எரிபொருள் வேறுபாடு எட்டிலொரு பங்களவே. ஆனால் அதிலிருந்து பெறக்கூடிய வேலை ஏறக்குறைய இரு மடங்காகின்றது. பழைய ஆலைகளின் சிறு சுழலிகள் அந்த வேலையிலும் பாதியை வீணாக்கின. புதிய பெருஞ் சுழலி மிகச் சிறிதையே வீணாக்கும். ஆகையால், முன்னர் ஒரு யூனிற் மின்சாரத்துக்கு 15 கிலோகிராம் நீராவி சென்ற இடத்தில் இன்று 5 கிலோகிராம் போதும். எட்டிலொரு பங்கு கூடுதலான எரிபொருளுக்கு மும்மடங்கு மின்சாரம்! இந்தப் பேரம் எந்தக் கடையிலும் கிடையாது.

ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 2,000 தொன் கரும்பு பிழியும் ஆலை அது. அதற்கு நாளொன்றுக்கு 560 தொன் சக்கை கிடைக்கும். அதிலிருந்து ஏறத்தாழ 1,200 தொன் நீராவி உண்டாகும். பழைய முறையில் 1,000 தொன்னை ஆலையே விழுங்கிவிடும். சிக்கனத்தினால் அதனை 800 தொன்னாகக் குறைத்தோம் என்று கொள்க. அந்த 800 தொன் நீராவி சாற்றைக் காய்ச்சச் செல்லும் வழியிலே 160,000 யூனிற் தரும். மிஞ்சிய 400 தொன்னை ஒடுக்கி வரை முற்றாக இறக்கினால் மேலும் 100,000 யூனிற் கிடைக்கும். ஆலையின் சொந்தத் தேவைக்கு 70,000 யூனிற் கழித்தாலும், நாளொன்றுக்கு 190,000 யூனிற் வெளியே கொடுக்கலாம். நாளுக்கு 3 யூனிற் செலவிடும் வீடுகள் 60,000க்கு மேல் அதனால் ஒளிபெறும். தொன் கரும்புக்கு 95 யூனிற் என்பது இக்கணக்கின் சாரம். இந்த எண்ணை உழவர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றேன். பின்னர் அது நமக்கு உதவும்.

முதலிற் செய்ய வேண்டியது எது?

மேம்பாடு என்றவுடன் புதிய கொதிகலனுக்கு விலை கேட்பதே பலரின் முதல் வேலை. இது கூரை ஒழுகும் வீட்டுக்கு வர்ணம் பூசுவது போன்றது. அனுபவமுள்ள பொறியியலாளர் ஆலைக்குள் நுழைந்தவுடன் நீராவிக் குழாய்களைப் பார்ப்பார். போர்வையின்றிக் கிடக்கும் குழாய், மூடாத வால்வு, கசியும் இணைப்பு ஆகியவற்றைச் செப்பனிடுதலே முதற்படி. அதற்குப் பெருமுதல் வேண்டியதில்லை; கண்ணும் கையும் வேண்டும்.

இரண்டாம் படி, சாற்றைக் காய்ச்சும் முறை. நம் வீட்டிலே அடுக்குச் சட்டியில் இடியப்பம் அவிக்கும் தாய்மாரை எண்ணிப் பாருங்கள். அடியிலுள்ள தட்டை அவித்த ஆவியே மேலேறி மேல் தட்டையும் அவிக்கின்றது. தட்டுக்கொரு அடுப்பு மூட்டுவார் யாருமில்லர். ஆலையின் ஆவியாக்கும் கலங்களும் அவ்வாறே. முதற் கலத்தில் சாற்றிலிருந்து எழும் ஆவி இரண்டாம் கலத்தைக் காய்ச்சும். அதன் ஆவி மூன்றாவதை. மூன்று, நான்கு கலங்களாயிருப்பதை ஐந்தாக்கி, இடையிலே எழும் ஆவியைக் கொண்டு குளிர்ந்த சாற்றைச் சூடாக்கவும் பாகு காய்ச்சவும் ஏற்பாடு செய்தால், தொன் கரும்புக்கு 500 கிலோகிராம் நீராவி வேண்டியிருந்த ஆலைக்கு 400 கிலோகிராம் போதும். மிகத் திருந்திய ஆலைகள் அதற்குங் கீழே சென்றிருக்கின்றன.

மூன்றாம் படி, கரும்பு பிழியும் உருளைகளைச் சுழற்றும் சிறு நீராவிச் சுழலிகளை அகற்றி மின்மோட்டார்களைப் பொருத்துதல். சிறு சுழலிகள் நீராவியைக் குடித்துத் தள்ளுபவை. அதே நீராவி பெருஞ் சுழலிக்குச் செல்லுமாயின், மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தைத் தந்தபின்னும் மிச்சமிருக்கும். பிழிதல் திருந்தினாற் சக்கையின் ஈரமும் குறையும். ஈரம் குறைந்த சக்கை கூடுதலான வெப்பந் தரும்.

நான்காம் படி நீர். இதனைப் பலரும் கருதுவதில்லை. தாழ்ந்த அமுக்கக் கொதிகலன் ஓரளவு அழுக்கு நீரையும் பொறுத்துக்கொள்ளும். 82 மடங்கு அமுக்கத்திலோ உப்பு நீக்கிய தூய நீர் வேண்டும். கலங்களில் ஒடுங்கிய நீரைத் திரும்பக் கொதிகலனுக்கு ஊட்டும்போது அதனுடன் சிறிது சீனி கலந்தாலும், அச்சீனி வெப்பத்திலே சிதைந்து அமிலமாகிக் குழாயை அரிக்கும். எனவே ஒடுங்கிய நீரை இடைவிடாது சோதிக்கும் ஆய்வுகூடமும், ஐயமெழுந்த கணமே அந்நீரை வெளியே திருப்பிவிடும் துணிவுள்ள தொழிலாளியும் வேண்டும். பயிற்சியற்ற கைகளில் உயரமுக்கக் கொதிகலனைக் கொடுப்பது, வண்டியோட்டப் பழகாதவனிடம் மலைப்பாதையைக் காட்டுவது போலாகும்.

இவை நான்கும் நிறைவேறிய பின்னரே கொதிகலனும் சுழலியும். சிறிய ஆலைக்கு 82 மடங்கு அமுக்கம் கட்டுபடியாகாமலும் போகலாம். அங்கே 45 மடங்கு அமுக்கமே தக்கதாக அமையும். ஊரின் கரும்பளவுக்கு ஏற்பவே இயந்திரம் அமைய வேண்டும். இயந்திரத்தின் அளவுக்கு ஊரை வளைத்தல் ஆகாது.

மொரிசியஸ் காட்டிய வழி

இவையெல்லாம் ஏட்டுக் கணக்கா, எங்கேனும் நடைபெற்றதா என்று நீங்கள் கேட்பது நியாயம். இந்து சமுத்திரத்திலே மொரிசியஸ் என்னும் சிறு தீவு உண்டு. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் அங்கே கரும்புத் தோட்டங்களை வளர்த்தனர். அவர்களுள் தமிழரும் பலர். தோட்டக் கூலிகளாய்ச் சென்றோரின் வழிவந்தவர்கள் பிற்காலத்தில் சிறு கரும்பு உழவர்களாயினர்.

அத்தீவிலே 1957இல் ஓர் ஆலை தன் மிஞ்சிய மின்சாரத்தை முதன்முதலாகப் பொது மின்னிணைப்புக்கு விற்றது. அளவிற் சிறிது; எனினும் அதுவே தொடக்கம். 1980களில், கரும்புப் பருவத்திற் சக்கையும் பருவமல்லாக் காலத்தில் நிலக்கரியும் எரித்து ஆண்டு முழுவதும் மின்சாரம் தரும் நிலையம் எழுந்தது. 1988இல் சீனித் தொழிலின் திறனை உயர்த்தும் சட்டமும், 1991இல் சக்கை மின்சார அபிவிருத்தித் திட்டமும் வந்தன. 2000இல் பெல்வூ என்னுமிடத்தில் 82 மடங்கு அமுக்கத்தில் இயங்கும் 70 மெகாவாற்று நிலையம் தொழிற்படத் தொடங்கியது. 2007இல் சவன்னா என்னுமிடத்தில் அதே அமுக்கத்தில் மற்றொன்று எழுந்தது. ஐரோப்பா 2006 தொடக்கம் 2009 வரையிலான காலத்திற் சீனி விலையை 36 வீதம் குறைத்தபோது, மின்சாரத்தை விற்கத் தெரிந்த ஆலைகளே தாக்குப்பிடித்தன.

இது புகழுக்குரிய கதையே. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். பெரிய கொதிகலனுக்குப் பெருமளவு சக்கை வேண்டும். ஆகவே சிறிய ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1980களில் 20ஐ ஒட்டியிருந்த ஆலைகள் இன்று 3 ஆகிவிட்டன. பருவமல்லாக் காலத்துக்கென்று உள்ளே வந்த நிலக்கரி, வீட்டுக்கு வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகியது போல் முன்னணிக்கு வந்தது. 2010களின் இறுதியில் அத்தீவின் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நிலக்கரியினது. சக்கையினது பத்திலொரு பங்கைச் சற்றே தாண்டியது. 2030க்குள் நிலக்கரியைக் கைவிடுவதாக அவ்வரசு 2021இல் அறிவிக்க வேண்டியதாயிற்று.

உழவனின் கதை அதனினும் பெரிய பாடம். மொரிசியஸில் நெடுங்காலமாகச் சீனி பங்குமுறையிற் பிரிக்கப்பட்டது. நூறு பங்கு சீனியில் 78 பங்கு கரும்பு கொடுத்தவனுக்கு. 22 பங்கு ஆலைக்கு. இது நேர்மையான ஏற்பாடு. ஆனால் இவ்வேற்பாடு வகுக்கப்பட்டபோது சக்கைக்கு விலையில்லை. ஆகவே சக்கை ஆலையின் கையிலேயே தங்கியது. பின்னர் சக்கை மின்சாரமாகிப் பணமாகியது. அப்பொழுது உழவன், "என் சக்கைக்கு என்ன தருகின்றாய்?" என்று கேட்டான். 1980களில் அதற்கென ஒரு நிதியம் நிறுவப்பட்டது. 1994இல் உழவரும் தொழிலாளரும் பங்குதாரராகும் முதலீட்டு நிறுவனமொன்றும் அமைக்கப்பட்டது. அதன் வழியாக ஆலைகளிலே அவர்கள் பங்கு பெற்றார்கள். இவை நல்ல அடிகளே. ஆயினும் சக்கைக்காக உழவனின் கைக்கு வந்த தொகை நெடுங்காலம் சொற்பமாகவே இருந்தது. 2021இலேதான் அரசு அதனைக் கணிசமாக உயர்த்தியது.

அதற்குள் என்ன நிகழ்ந்தது? சீனி விலை வீழ்ந்தது, கூலி ஏறியது, சிறு உழவர்கள் பலர் கரும்பைக் கைவிட்டார்கள். 2000களில் 70,000 ஹெக்டயரைத் தாண்டியிருந்த கரும்பு நிலம் 2020களின் தொடக்கத்தில் 40,000 அளவுக்குச் சுருங்கியது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, உழவனின் கணக்குப் புத்தகத்தில் சக்கைக்கு உரிய வரவு உரிய காலத்தில் எழுதப்படாமை. கரும்பு குறைந்தாற் சக்கை குறையும். சக்கை குறைந்தாற் கோடிகள் செலவிட்டு எழுப்பிய கொதிகலனுக்கு நிலக்கரியே கதி. உழவனுக்கு நியாயம் செய்யாத கொதிகலன் இறுதியில் தானே பட்டினி கிடக்கும். இது வெறும் இரக்கப் பேச்சு அன்று, பொறியியற் கணக்கு.

கந்தளாயை நினைந்து

இப்பொழுது நம் வாசலுக்கு வருவோம். திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாயில் 1960களின் தொடக்கத்தில் அரசின் சீனி ஆலை தொழிற்படத் தொடங்கியது. 1990களின் முற்பகுதியில் அது மூடப்பட்டது. மீண்டும் திறப்பது பற்றிப் பலமுறை பேசப்பட்டது. முதலீட்டாளருடன் உடன்படிக்கையும் செய்யப்பட்டது. அம்பாறை மாவட்டத்து ஹிங்குராண ஆலை 1990களின் பிற்பகுதியில் மூடப்பட்டு, 2010களின் தொடக்கத்தில் தனியார் பங்குடன் மீண்டும் இயங்கத் தொடங்கியது. கிழக்கிலே கரும்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் கொதிகலனும் மின்சாரமும் பற்றிய பேச்சும் உடன் எழும். இனி எழுப்பப்படும் எந்த ஆலையும் 20 மடங்கு அமுக்கத்திலே சக்கையை எரித்துத் தள்ளுவதாயிராது. ஆகவே கேள்விகளை இப்பொழுதே கேட்டல் வேண்டும்.

முதலாவது கேள்வி நீர். கந்தளாய்க் குளத்தின் கீழ் நிலம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பது தமிழ் மக்களின் நெடுநாள் வழக்கு. அதனை இன்று விரித்துரைக்கப் போவதில்லை. ஆயின் தம்பலகாமத்து நெல்வயல்கள் அக்குளத்து நீரையே நம்பி வாழ்கின்றன. கரும்பு ஆண்டு முழுவதும் நீர் கேட்கும் பயிர். நீராவியை முற்றாக ஒடுக்கும் சுழலியும் குளிர்விக்க நீர் கேட்கும். கரும்புக்கு எவ்வளவு, ஆலைக்கு எவ்வளவு, நெல்லுக்கு எவ்வளவு என்பது எழுத்திலே தீர்க்கப்பட்ட பின்னரே அடிக்கல் நாட்டப்படல் வேண்டும். மதகின் திறவுகோலை ஆலையிடம் கொடுத்துவிட்டுப் பின்னர் மனுக்கொடுத்துத் திரிவதிற் பயனில்லை.

இரண்டாவது கேள்வி, பருவமல்லாக் காலத்து எரிபொருள். ஆண்டு முழுவதும் மின்சாரம் தருவோம் என்று சொல்லி நிலக்கரியை உள்ளே கொண்டுவர இடமளித்தல் கூடாது. நுரைச்சோலையில் நிலக்கரியால் இயங்கும் 900 மெகாவாற்று நிலையம் ஏற்கெனவே உண்டு. சம்பூரில் அமைக்கவிருந்த நிலக்கரி நிலையம் 2016இற் கைவிடப்பட்டது; அதே மாவட்டத்திற் கரும்பாலையின் பெயரால் அது புறவாசல் வழியே நுழைதல் தகாது. நமது வேலிகளிலே நிற்கும் சீமைக்கிளுவை விறகு இந்நாட்டிலேயே மின்சாரம் ஆக்கப் பயன்படுகின்றது. வெட்ட வெட்டத் தழைப்பது அது. இலை மாட்டுக்கும் பசளைக்கும் ஆகும். உழவனின் வேலியே ஆலையின் பஞ்சகால எரிபொருளானால், பருவமல்லாக் காலத்திலும் அவன் கையிற் காசு புழங்கும்.

மூன்றாவதும் முதன்மையானதுமான கேள்வி, சக்கை யாருக்குச் சொந்தம் என்பது. ஆலையின் உரிமையாளர் சொல்வார்: "கொதிகலனுக்கு முதலிட்டவன் நான், கடனுக்கு வட்டி கட்டுபவன் நான்." உண்மை. அவ்வுரிமையை நாம் மறுக்கவில்லை. சீனி காய்ச்சுதற்கு வேண்டிய நீராவிக்கான சக்கை ஆலைக்கே ஆகட்டும். நாம் கேட்பது மிஞ்சிய சக்கையின் கணக்கை. வெளியே விற்கும் ஒவ்வொரு யூனிற்றிலும் எரிபொருளின் விலையென ஒரு பகுதி உண்டு. நிலக்கரியை எரித்தால் அப்பகுதியைக் கடல்கடந்த வியாபாரிக்கு மறுபேச்சின்றிக் கொடுக்கின்றோம். சக்கையை எரித்தால் மட்டும் அதனை ஏன் கொடுக்கலாகாது?

முன்னர் கூறிய எண்ணை நினைவுகூருங்கள்: தொன் கரும்புக்கு 95 யூனிற். யூனிற் ஒன்றுக்கு 1 ரூபா உழவனுக்கு என்று எழுதினாலே தொன் கரும்புக்கு 95 ரூபா. ஏக்கருக்கு 25 தொன் விளையுமாயின் 2,375 ரூபா. 3 ரூபா என்று எழுதினால் 7,000 ரூபாவுக்கு மேல். இத்தொகை கரும்பின் விலைக்கு மேலாக வரவேண்டியது. விலைக்குள் அடங்கியதாகச் சொல்லி மறைக்கப்படக் கூடாதது.

எனவே எந்த ஆலைத் திட்டமும் நம் மண்ணுக்கு வரும்போது நான்கு நிபந்தனைகளை நாம் விதிக்க வேண்டும்.

ஒன்று: நிறுவைச் சீட்டிலே கரும்பின் எடையுடன் சக்கையின் கணக்கும், மாதந்தோறும் விற்ற யூனிற்றின் கணக்கும் பகிரங்கமாக எழுதப்படல் வேண்டும். மானி பொய் சொல்லாது. மானியைப் பார்க்கும் உரிமை உழவர் சங்கத்துக்கு இருத்தல் வேண்டும்.

இரண்டு: யூனிற்றில் உழவனின் பங்கு, மின்சார சபையுடன் செய்யும் விற்பனை ஒப்பந்தத்திலேயே சூத்திரமாக எழுதப்படல் வேண்டும். மின்சாரத்தின் விலை உயர்ந்தால் அப்பங்கும் உயரட்டும்.

மூன்று: உழவனுடன் செய்யப்படும் ஒப்பந்தம் அவனது தாய்மொழியில் எழுதப்படல் வேண்டும். விளங்காத மொழியிலே பெருவிரல் பதித்த காலம் போதும்.

நான்கு: கொதிகலனை இயக்கவும் நீரைச் சோதிக்கவும் சுழலியைப் பராமரிக்கவும் அவ்வூர் இளைஞர்கள், எவ்வினத்தவராயினும், பயிற்றப்படல் வேண்டும். கரும்பு வெட்டும் கூலி மட்டும் ஊரவர்க்கு, கட்டுப்பாட்டு அறை வெளியாருக்கு என்பது பழைய தோட்டத்துரை காலத்து நீதி.

முடிவுரை

இங்கே அமர்ந்திருக்கும் பொறியியலாளர்களுக்கும் கணக்காளர்களுக்கும் சட்டத்தரணிகளுக்கும் ஒரு வார்த்தை. இத்திட்டங்களின் அறிக்கைகள் உங்கள் மேசைக்கே வரும். நீராவிச் சமநிலைக் கணக்கை உழவன் படிக்க இயலாது, நீங்கள் படிக்கலாம். தொன் கரும்புக்கு எத்தனை கிலோகிராம் நீராவி, எத்தனை யூனிற் என்ற இரண்டு எண்களைக் கேளுங்கள். அவ்விரண்டையும் சொல்லாத அறிக்கை எத்தனை பக்கமிருந்தாலும் நம்பத்தக்கதன்று. அவ்விரண்டையும் அறிந்தபின் அவற்றை எளிய தமிழில் உழவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். கல்வி பெற்றவன் தன் மக்களுக்குச் செலுத்தும் கடன் அதுவே.

உழவர் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. கரும்பை நட்டு, நீர் பாய்ச்சி, வெட்டி, கட்டி, ஏற்றி அனுப்புவது உங்கள் கை. ஆலையின் புகைபோக்கியிலிருந்து எழும் புகை உங்கள் வயலில் விளைந்த பொருளின் புகை. அதிலிருந்து எழும் ஒளியிலும் உங்களுக்குப் பங்குண்டு. அதனைத் தானமாகக் கேளாதீர்கள்; கணக்காகக் கேளுங்கள். தனித்தனியே கேட்டால் அது முணுமுணுப்பு. சங்கமாகக் கூடிக் கேட்டால் அது உரிமை.

அடுப்பு எவருடையதாயினும், விறகு கொடுத்தவனை இருட்டிலே நிறுத்திவிட்டு எரியும் விளக்கு நெடுநாள் எரியாது.